எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் ‘சரி’ என்கிறது, கம்ப்யூட்டர் அணைகிறது: கையடக்க எல்சிடி டெஸ்டர் ஒரு விமர்சனம்

பழைய கம்ப்யூட்டர் வேலையின் நடுவே பொட்டென்று அணைந்தால், முதல் சந்தேகம் உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல்தான் விழும். அதைத் தீர்த்துக்கொள்ளப் பலரும் வாங்குவது உள்ளங்கையில் அடங்கும் எல்சிடி டெஸ்டர். 24 பின் பிளக்கைச் செருகினால் எல்லா வோல்டேஜும் ஒரே திரையில் வந்துவிடும், ஏதாவது எல்லை தாண்டினால் பீப் அடிக்கும். பெயரே இல்லாமலும் பல பெயர்களிலும் இவை விற்றாலும் உள்ளே இருக்கும் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் ஒரு குறிப்பிட்ட பிராண்டைப் பிடித்துக்கொள்ளாமல் அந்த வகையையே எடுத்துப் பேசுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆன் ஆகவே ஆகாத மெஷினுக்கு இது நல்ல கருவி. ஆன் ஆகி, ஓடி, பாதியில் அணைகிற மெஷினில், எஸ்எம்பிஎஸ் ‘கெட்டது’ என்று இது காட்டினால் அப்படியே நம்பலாம். சரி என்று காட்டினால் நம்பக் கூடாது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால், கோளாறான எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளேயே வைத்துக்கொண்டு ரேமையும் மதர்போர்டையும் மாற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறைய.

திரையில் வரும் எண்கள்

டெஸ்டர் செய்வது எளிய வேலை. 24 பின் கனெக்டரில் 16ஆவது பின்னில் வரும் பச்சை வயரைக் கிரவுண்டோடு இணைக்கிறது. எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகிறது. பிறகு ஒவ்வொரு லைனையும் அளந்து காட்டுகிறது. டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான பொதுத் தரமான ஏடிஎக்ஸ் விதிப்படி 12, 5, 3.3 வோல்ட் லைன்களும், மெஷின் அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டிருக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பையும் 5 சதவீதத்துக்கு மேல் நகரக் கூடாது. அதாவது 12 வோல்ட் லைன் 11.40 முதல் 12.60 வரை, 5 வோல்ட் லைன் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் லைன் 3.135 முதல் 3.465 வரை இருக்கலாம். மைனஸ் 12 வோல்ட்டுக்கு மட்டும் 10 சதவீதம் இடம் உண்டு. இன்றைய மெஷின்களில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

இவற்றோடு பிஜி (பவர் குட்) என்று ஒரு எண் மில்லிசெகண்டில் வரும். மற்ற லைன்கள் நிலைக்கு வந்த பிறகு, ‘பவர் தயார்’ என்று எஸ்எம்பிஎஸ் சாம்பல் வயரில் சொல்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அது. விதிப்படி 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். மல்டிமீட்டரால் இதை அளக்க முடியாது. இந்த டெஸ்டரை வாங்க உண்மையான காரணம் ஏதாவது இருக்கிறது என்றால் இந்த எண்தான்.

துல்லியத்தில்தான் குறை தொடங்குகிறது. இந்த வகையில் மிகப் பெரும்பாலானவை தசமத்துக்குப் பிறகு ஒரே இலக்கம் காட்டுகின்றன. 12 வோல்ட்டுக்கு அது போதும், 3.3 வோல்ட்டுக்குப் போதாது. திரையில் 3.1 என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை மதிப்பு 3.14 ஆக இருந்தால் எஸ்எம்பிஎஸ் விதிக்குள் இருக்கிறது. 3.06 ஆக இருந்தால் எல்லையை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. இரண்டுக்கும் திரையில் ஒரே எண். 3.1 தெரிந்தாலே அந்த லைனை மல்டிமீட்டரில் இரண்டு இலக்கத்தோடு மறுபடி அளக்க வேண்டும்.

‘சரி’ ஏன் போதாது

முதல் காரணம் லோடு, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இழுக்கப்படும் கரண்ட். டெஸ்டருக்குள் இருப்பவை சின்ன ரெசிஸ்டர்கள். அவை இழுப்பது சில வாட்தான். 65 வாட் டிடிபி (முழு வேலையில் வெளியிடும் வெப்ப அளவு) உள்ள ஒரு பழைய கோர் 2 டுவோ பிராசஸர் முழு வேலையில் இருக்கும்போது, ரெகுலேட்டர் இழப்பையும் சேர்த்தால், 12 வோல்ட் லைனில் 6 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதற்கு மேலும் இழுக்கும். நின்றுகொண்டிருப்பவரின் நாடியைப் பார்த்துவிட்டு ‘மாடி ஏறினால் மூச்சு வாங்காது’ என்று சொல்ல முடியுமா? லோடு இல்லாமல் எடுக்கிற அளவும் அப்படித்தான்.

இரண்டாவது ரிப்பிள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் முதலில் சாவது வெளியீட்டுப் பக்கத்து எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள். அவை காய்ந்து ஈஎஸ்ஆர் (கபாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ்) ஏறும்போது சராசரி வோல்டேஜ் அதிகம் மாறாது, அதன் மேல் ஏறி இறங்கும் அலை பெரிதாகும். விதி 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட், 5 மற்றும் 3.3 வோல்ட் லைன்களில் 50 மில்லிவோல்ட் வரைதான் அனுமதிக்கிறது. டெஸ்டர் சராசரியைத்தான் காட்டும். ரிப்பிள் எல்லையைப் போல மூன்று மடங்கு இருந்தாலும் திரையில் அதே 12.1 தெரியும். அலையைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும், வேறு வழி இல்லை.

மூன்றாவதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. மெயின்ஸ், அதாவது சுவர் சாக்கெட்டில் வரும் மின்சாரம், ஒரு கணம் தடைப்பட்டால் எஸ்எம்பிஎஸ் தன் முன்பக்கப் பெரிய கபாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும். சாதாரண லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுப்பது பொதுவாக 10 மில்லிசெகண்டுக்குள். கபாசிட்டர் புதிதாக இருக்கும்வரை இரண்டுக்கும் நடுவே போதுமான இடைவெளி உண்டு. வயதாகி அதன் கொள்ளளவு குறையக் குறைய அந்த இடைவெளி சுருங்கி ஒரு நாள் இல்லாமல் போகும். அதன் பிறகு விளக்கு ஒருமுறை சிமிட்டினாலே கம்ப்யூட்டர் அணையும். ‘யூபிஎஸ் கெட்டுப்போச்சு’ என்று புது யூபிஎஸ் வாங்கியும் தீராத கேஸ்களில் கணிசமானவை இந்த வகை. இதை டெஸ்டர் அளப்பதே இல்லை.

டெஸ்டரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியது

அணைகிற விதமே பாதி பதிலைச் சொல்லிவிடும். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு மெஷினை ஓடவிடுங்கள். மதர்போர்டில் சிறு எல்இடி ஒன்று இருக்கும், மெயின்ஸ் இருக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். அது இல்லாத போர்டில் ஆப்டிகல் மவுஸின் அடி வெளிச்சமோ நெட்வொர்க் போர்ட் விளக்கோ அதே வேலையைச் செய்யும், ஆனால் மெஷினை ஷட் டவுன் செய்த பிறகும் அவை எரிகின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இனி அணையும் அந்த நொடியில் ஃபேனைப் பார்க்காதீர்கள், அந்த விளக்கைப் பாருங்கள்.

விளக்கும் சேர்ந்து அணைந்தால் 5 வோல்ட் ஸ்டாண்ட்பையே போய்விட்டது என்று அர்த்தம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது மெயின்ஸ் பக்கம்: சுவர் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் போர்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் தளர்ந்து ஆடும் பவர் கார்டு, அதன் ராக்கர் சுவிட்ச். பல வருடம் செருகிக் கழற்றிய கார்டு லேசான அதிர்வுக்கே தொடர்பு விட்டுவிடும். ஒரு புதுக் கார்டு போட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும், அதைச் செய்யாமல் வேறு எதையும் கழற்றாதீர்கள்.

விளக்கு எரிந்துகொண்டே இருக்க, மெஷின் மட்டும் அணைந்தால் பவர் பட்டனை உடனே அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் சலனமே இல்லை, பவர் கார்டைப் பிடுங்கிச் சற்று நேரம் விட்டுச் செருகினால்தான் உயிர் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புச் சுற்றை இயக்கித் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. ஓவர்லோடு, ஷார்ட், வோல்டேஜ் எல்லை மீறல் என்று காரணம் பல இருக்கலாம். பட்டன் உடனே வேலை செய்து, மறுபடி சில நிமிடத்தில் அணைந்தால், முந்தைய தடவையை விடச் சீக்கிரமாகவே அணைந்தால், சூடுதான் முதல் சந்தேகம். பிராசஸர் தாங்க முடியாத சூட்டுக்குப் போகும்போது மதர்போர்டே பவரை நிறுத்தச் சொல்கிறது. அந்த வகையில் எஸ்எம்பிஎஸ் பூட்டிக்கொள்வதில்லை.

தானாகவே மறுபடி ஆன் ஆகிறதா? அது ப்ளூ ஸ்கிரீன் வந்து தானாக ரீஸ்டார்ட் ஆவதாக இருக்கலாம். மெயின்ஸ் தடைப்பட்டு, பயாஸில் ‘பவர் வந்ததும் ஆன் ஆகு’ என்ற அமைப்பு இருப்பதாலும் இருக்கலாம். விண்டோஸில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி வழியாகப் போய், ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிட்டால் ப்ளூ ஸ்கிரீன் திரையிலேயே நிற்கும், சந்தேகம் தீரும்.

ஆன் செய்து நாலு நொடி எண்ணுவதற்குள் ஒவ்வொரு தடவையும் அணைந்தால் பவர் பட்டனைச் சந்தேகியுங்கள். பட்டன் உள்ளே சிக்கி அழுந்தியபடியே நின்றால், அதை 4 நொடி பிடித்திருப்பதாக எண்ணி மதர்போர்டு அணைத்துவிடும். முன்பேனலில் இருந்து வரும் இரண்டு பின் பவர் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்யுங்கள். இப்போது அணையாமல் ஓடினால் கோளாறு பட்டனில்தான். புது எஸ்எம்பிஎஸ் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

பதிவுகள் சொல்வது

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். முறையாக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி ஆன் ஆனது என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. ‘41 வந்திருக்கு, எஸ்எம்பிஎஸ் போச்சு’ என்று முடிவுகட்டுவது அவசரம். பதிவின் டீடெய்ல்ஸ் பக்கத்தைத் திறந்து பக்செக் கோடு என்ற வரியைப் பாருங்கள். 0 அல்லாத எண் இருந்தால் விண்டோஸ் ப்ளூ ஸ்கிரீனில் விழுந்திருக்கிறது. அந்த எண் தசம முறையில் இருக்கும். 159 என்றால் ஹெக்ஸில் 9எஃப், தேடும்போது அப்படி மாற்றித் தேட வேண்டும். அதே பக்கத்தில் பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் 0 இல்லை என்றால் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன சிக்கிய பட்டன் இங்கே மாட்டிக்கொள்ளும். இரண்டுமே 0 என்றால் விண்டோஸுக்கு எதுவும் தெரியாமலே பவர் போயிருக்கிறது, அல்லது மெஷின் அப்படியே உறைந்து யாரோ ரீசெட் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற, வெப்பநிலையையும் வோல்டேஜையும் காட்டும் மென்பொருள். இதன் சென்சார் பகுதியில் சிஎஸ்வி ஃபைலாகப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. இடைவெளியை 1 நொடியாகக் குறைத்துப் பதிவை ஓடவிட்டு, வழக்கமான வேலையைச் செய்யுங்கள். மெஷின் அணைந்த பிறகு ஃபைலைத் திறந்து அடிவரிக்குப் போங்கள். அணைந்த வேகத்தில் கடைசி ஓரிரு வரி எழுதப்படாமல் போயிருக்கலாம், அதற்கு முந்தைய வரிகள் இருக்கும். பிராசஸர் வெப்பநிலை கடைசி முப்பது வரிகளில் 52, 53, 52 என்று சமமாக இருந்துவிட்டுப் பதிவு அறுந்திருந்தால் பிராசஸர் சூடு குற்றவாளி இல்லை. 88, 91, 94, 97 என்று ஏறிக்கொண்டே போய் அறுந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

அதே ஃபைலில் 12 வோல்ட் என்று ஒரு நெடுவரிசையும் வரும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மதர்போர்டின் சென்சார் சிப்பை மென்பொருள் தவறாகப் படித்து 8 வோல்ட் என்றுகூடக் காட்டும். உண்மையிலேயே 8 வோல்ட்டாக இருந்தால் அந்த மெஷின் ஓடிக்கொண்டிருக்காது.

சூடா, பவரா

சூடு என்றால் அணைவதற்கு முன் மெஷின் மெதுவாகும். பல இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டித் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஏறினால்தான் அணையும். முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது சட்டென்று இருண்டால் பவர் பக்கம் போங்கள். இழுத்து இழுத்து ஓடிப் பிறகு அணைந்தால், பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் பக்கம் போங்கள்.

ஏறும் வேகமும் பேசும். லோடு கொடுத்த சில நொடிகளிலேயே 45 டிகிரியிலிருந்து 90க்குத் தாவினால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. பழைய இன்டெல் கூலர்களின் நான்கு பிளாஸ்டிக் புஷ் பின்களில் ஒன்று உடைந்தோ வெளியே வந்தோ இருக்கும், போர்டின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். பத்து நிமிடம் எடுத்து மெல்ல ஏறினால் தூசி. ஹீட்சிங்க் இதழ்களுக்கும் ஃபேனுக்கும் நடுவே கம்பளி போல் படிந்திருக்கும், ஃபேனைக் கழற்றாமல் கண்ணில் படாது. பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதானால் பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். புஷ் பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும்.

ரேம் கோளாறு பெரும்பாலும் ப்ளூ ஸ்கிரீனாகவோ ரீஸ்டார்ட்டாகவோ வரும், பவரையே நிறுத்துவது அரிது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டால் தெரிந்துவிடும். பயாஸ் பேட்டரி தீர்ந்தால் தேதியும் அமைப்பும் அழியும், ஓடும் மெஷின் பொதுவாக அதனால் அணையாது.

டெஸ்டரிடமிருந்து கூடுதலாக வாங்குவது எப்படி

பெட்டிக்குள் வரும் தாளில் இல்லாத சில வழிகள் உண்டு. முதலில் அடிப்படை: மெயின்ஸ் கார்டைப் பிடுங்கிவிட்டு 24 பின், பிராசஸரின் 4 அல்லது 8 பின், டிஸ்க் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிளக்கின் கொக்கியை அழுத்திப் பிளக்கைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். அந்த நேரத்தில் பிளக்குகளின் உள்ளே பாருங்கள். ஏதாவது ஒரு குழி பழுப்பாக நிறம் மாறியிருந்தாலோ பிளாஸ்டிக் இளகியிருந்தாலோ அந்தத் தொடர்புப் புள்ளி சூடாகிக்கொண்டிருக்கிறது. தொடர்பில் 0.2 வோல்ட் மட்டும் விழுந்தாலே 6 ஆம்பியரில் 1.2 வாட் அந்தக் குறுகிய இடத்தில் சூடாகச் சேரும். டெஸ்டர் அவ்வளவு கரண்ட் இழுக்காததால் இதைப் பார்க்காது, உங்கள் கண் பார்க்கும்.

அளவை இரண்டு தடவை எடுங்கள். ஒரு இரவு முழுக்க அணைந்து கிடந்த எஸ்எம்பிஎஸ்ஸில் ஒருமுறை. பிறகு கம்ப்யூட்டரில் மாட்டி அரை மணி நேரம் வேலை கொடுத்துவிட்டு, சூடு ஆறும் முன் கழற்றி இன்னொரு முறை. பிஜி எண் ஆன் ஆகும் கணத்தில் மட்டுமே அளக்கப்படுவதால் சூடான நிலையில் புதிதாக ஆன் செய்ய வேண்டும். இரண்டு தடவையும் 280, 290 என்று வந்தால் நல்லது. குளிரில் 280 வந்தது சூட்டில் 100க்குப் பக்கத்தில் இறங்கினால், திரை பீப் அடிக்காவிட்டாலும் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்ப வேண்டாம். தலைகீழாகவும் நடக்கும்: காலையில் முதல் இரண்டு மூன்று தடவை ஆன் ஆக மறுத்து, சூடேறிய பிறகு நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் மெஷின். வயதான எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரின் ஈஎஸ்ஆர் குளிரில் மோசமாக இருக்கும், சூட்டில் கொஞ்சம் தேறும். அந்த நடத்தைக்குக் காரணம் இதுதான். இப்படிப்பட்டதைச் சூடாக மட்டும் அளந்தால் தப்பித்துவிடும்.

லோடு பிரச்சினைக்கு ஓரளவு தீர்வு 12 வோல்ட் வாகன விளக்கு. டெஸ்டர் மாட்டியிருக்கும்போதே ஒரு மோலெக்ஸ் பிளக்கின் (பழைய டிஸ்க்குகளுக்கான 4 பின் பிளக்) மஞ்சள், கருப்பு வயர்களில் 55 வாட் ஹெட்லைட் பல்பை இணைத்தால் 4.5 ஆம்பியர் அளவுக்கு உண்மையான லோடு கிடைக்கும். இரண்டு எச்சரிக்கைகள். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, ஆன் ஆகும் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால் எஸ்எம்பிஎஸ் ட்ரிப் ஆனால் அது கோளாறு அல்ல, 21 வாட் பல்பில் தொடங்குங்கள். பல்பு கடுமையாகச் சூடாகும், ஓடு அல்லது செங்கல் மேல் வையுங்கள்.

பல்பு எரியும்போது திரையைக் கவனியுங்கள். பழைய வடிவமைப்பு எஸ்எம்பிஎஸ்களில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே சுற்றால் சேர்த்து நிலைப்படுத்தப்படுகின்றன. 12இல் மட்டும் லோடு வைத்தால் 12 சற்று இறங்கும், 5 சற்று ஏறும். எல்லைக்குள் நின்றால் அது இயல்பே. நேரம் ஆக ஆக இறங்கிக்கொண்டே போனால், 12.0 வந்தது கால் மணி நேரத்தில் 11.6 ஆனால், கதை முடிந்தது, மாற்றிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை வரும். கார்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழக்கம் இல்லாதவர் திறக்கக் கூடாது.

மல்டிமீட்டரோடு ஒப்பிட்டால்

ஒரு மெஷினுக்காக ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மல்டிமீட்டர் வாங்குங்கள். காரணம் எளிது: ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் அளக்கலாம், டெஸ்டரில் அது முடியாது.

20 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து, சும்மா இருக்கும் மோலெக்ஸ் பிளக்கின் கருப்பில் கருப்பு முனையையும் மஞ்சளில் சிவப்பு முனையையும் செருகுங்கள். முனை சறுக்கி மஞ்சளையும் பக்கத்துக் கருப்பையும் சேர்த்துத் தொட்டால் 12 வோல்ட் லைன் ஷார்ட் ஆகும். முனையில் 3 மில்லிமீட்டர் மட்டும் விட்டு மீதியை இன்சுலேஷன் குழாயால் மூடிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ஓர் அளவு எடுங்கள். பிறகு ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் பவர் டெஸ்டை ஓட்டுங்கள், அது பிராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும். 12.1 வந்தது 11.9க்கு இறங்கி அங்கேயே நின்றால் கவலை இல்லை. 11.5க்குப் போய் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. சோதனைக்கு முன் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள், நாம் அணைய வைக்கத்தான் பார்க்கிறோம்.

மீட்டருக்கும் எல்லை உண்டு. அது நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளக்கிறது. சில மில்லிசெகண்ட் சரிவில் அணையும் மெஷினை அது பிடிக்காது. மீட்டரும் டெஸ்டரும் இரண்டுமே சரி என்று சொல்லி, சூடும் இல்லை, பட்டனும் இல்லை, மெயின்ஸும் இல்லை என்றால் மிஞ்சுவது நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான். அப்போதும் அணைந்தால் மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் கபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய மேல்பக்கம் உப்பியிருந்தால், பழுப்புக் கசிவு காய்ந்திருந்தால், கோளாறு அங்கே. 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் தரமற்ற கபாசிட்டர்களால் இது பரவலாக நடந்தது. மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

கட்டமைப்பும் வாங்குவதும்

பெரும்பாலும் மெல்லிய உலோகக் கூடு, சாக்கெட்டுகள் இறுக்கம். 20 பின் பிளக் கொண்ட பழைய எஸ்எம்பிஎஸ்களும் பொருந்தும். பிராசஸர் பிளக்கையும் கிராஃபிக்ஸ் பிளக்கையும் ஒரே நேரத்தில் செருகக் கூடாது என்று தாளில் சிறு எழுத்தில் இருக்கும், அதை மீறாதீர்கள். மெஷின் கம்பெனிகளே தயாரித்த சில டெஸ்க்டாப்களில் 6, 8, 14 பின் என்று தனி வகைப் பிளக் வரும். அவற்றுக்கு இந்த டெஸ்டர் நேரடியாக உதவாது, வாங்கும் முன் உங்கள் பிளக்கை எண்ணிக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு தசமம் காட்டும் மாடலைத் தேடுங்கள். வெறும் எல்இடி விளக்குகள் மட்டும் எரியும் மாடலை வாங்கவே வேண்டாம். 10 வோல்ட்டிலும் அந்த விளக்கு பச்சையாக எரியலாம்.

பாதியில் அணையும் மெஷினுக்கும் இந்த டெஸ்டர் உண்மையாகக் கைகொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிய பிறகு, மாற்று எஸ்எம்பிஎஸ் வந்ததும் வருகிறது. கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள்களில், எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. ஒரு மாடலின் கேபிள் இன்னொன்றில் இறுக்கமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து நிற்கும். பல வருடப் படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டினால் அந்த நொடியே போய்விடும். டிஸ்க்கில் செருகும் முன், டிஸ்க்குக்குப் பவர் தரும் ஒவ்வொரு சாட்டா கேபிளையும் டெஸ்டரின் சாட்டா சாக்கெட்டில் ஒருமுறை செருகி, மூன்று லைனும் அதனதன் இடத்தில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு கேபிளுக்குப் பத்து நொடி ஆகும்.